ஆள் இருந்த வண்டி

ஹாரன் அடித்தது.

"இதா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் கடையை விட்டு ஓடினார்.

வெளியே வண்டி இல்லை.

கடைவீதி முனையில் போலீஸின் இழுவை வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு அவருடைய வெள்ளைக் கார் போனது.

அநியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். வரிசையாக அத்தனை கார் நிற்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவருடையதை மட்டும் தூக்கியிருக்கிறார்கள். நிறுத்தக் கூடாது என்ற பலகையாவது கண்ணில் பட்டதா என்றால், அதுவும் இல்லை. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ கட்டிய பேனர் அதை முழுசாக மூடியிருந்தது.

அவர் மற்ற கார்களைப் பார்த்தார்.

ஒவ்வொன்றிலும் முன்பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி கைபேசியில் இருந்தாள். ஒருத்தி கடலை தின்றுகொண்டிருந்தாள். ஒருத்தி அவரையே பார்த்தாள்.

அவர் வீட்டில் அந்த வேலை வசந்தாமணியுடையது. முதல் கார் வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். அவர் கடைக்குள் போவார். மனைவி வண்டியில் இருப்பாள். போலீஸ் தலை தெரிந்தால் எட்டி ஹாரனை அமுக்குவாள். அவர் ஓடி வருவார்.

"என்னைய என்ன, வண்டிக்குக் காவலுக்கா கட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்பாள். வாய்தான் அப்படிப் பேசும். ஒருநாளும் இறங்கிப் போனதில்லை.

இன்றும் அதே பழக்கத்தில்தான் நிறுத்திவிட்டுப் போனார்.

கடைக்காரர் படத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பெரிதாக்கிச் சட்டம் போட்ட படம். அதில் வசந்தாமணி இருந்தாள்.

"கீழ பொறந்த தேதி, எறந்த தேதி ரண்டும் போட்டறலாங்களா?" உள்ளே கேட்டதையே மறுபடியும் கேட்டார்.

"ஹாரன் அடிச்சது உங்களுக்குக் கேட்டுதுங்களா?"

"இல்லீங்களே."

அவர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

காவல் நிலையத்து வாசலிலேயே கார் நின்றது. அதற்குப் பக்கத்தில், தாழ்வாரத்தில் மேசை போட்டு ஒரு பெண் ஏட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மகள் வயசுகூட இருக்காது.

பலகை தெரியவில்லை என்றார் அவர். பேனரைச் சொன்னார். மற்ற கார்களை ஏன் விட்டீர்கள் என்று சண்டைக்கே போனார்.

"அதுலெல்லாம் ஆள் இருந்தாங்கய்யா. ஆள் இருந்தா எறங்கி எடுக்கச் சொல்லுவோம், தூக்க மாட்டோம். ஆள் இல்லாத வண்டியத்தான் தூக்குவோம்."

ஆள் இல்லாத வண்டி.

ஒரு மாசமாக ஆளாளுக்கு அதையேதான் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மகன் சொல்கிறான். மச்சான் சொல்கிறார். ஆள் இல்லாத வீட்டில் தனியாக இருக்காதீர்கள் என்கிறார்கள். அவர் யாரிடமும் ஆமாம் என்று சொன்னதில்லை. இந்தப் பெண்ணிடம் மட்டும் எதற்காகச் சொல்ல வேண்டும்?

"எங்க வண்டியிலயும் ஆள் இருந்துச்சு அம்மிணி" என்றார்.

"யாரு?"

"எங்க வீட்டுல. ஹாரன்கூட அடிச்சா. நாங் கேட்டுத்தான் ஓடியாந்தேன்."

ஏட்டு பக்கத்தில் நின்ற இழுவை வண்டி ஓட்டுநரைப் பார்த்தார். அவன் பதறிப்போனான். எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொக்கி மாட்டினேன், ஒருத்தரும் இல்லை என்று சத்தியம் செய்தான்.

நியாயமாக ஏட்டு அவரைத்தான் திட்டியிருக்க வேண்டும். எத்தனை பேர் இப்படிப் பொய் சொல்லி வண்டியைக் கேட்டிருப்பார்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவுடன் அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, எழுந்தே நின்றுவிட்டார்.

"அய்யா, பயப்படாதீங்க. பயத்துல எறங்கி எங்காவது நடந்து போயிருப்பாங்க. கடைவீதியில நம்ம ஆள் நிக்கிறாங்க, தேடச் சொல்றேன்."

வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"வயசு எத்தன?"

அவர் சொன்னார்.

"ஒசரமா, குட்டையா?"

"எந் தோளுக்கு வருவா."

அடையாளம் சொல்லச் சொல்ல அவருக்கு நெஞ்சு லேசானது. ஒரு மாசமாக யாரும் அவளைப் பற்றி இப்படிக் கேட்கவில்லை. எங்கே போயிருப்பாள், எப்படித் தேடலாம் என்று கேட்கிற ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறார்.

"என்ன சேலை கட்டியிருந்தாங்க?"

"அரக்குப் பட்டு" என்றார். சட்டென்று வாயில் வந்துவிட்டது.

"கடைவீதிக்குப் பட்டுக் கட்டிட்டா வந்தாங்க?"

அது அவளுடைய அண்ணன் எடுத்து வந்த சேலை. பிறந்த வீட்டுக் கோடி. பாடையைத் தூக்குவதற்கு முன் அவள்மேல் போர்த்தியது.

வயர்லெஸ்ஸில் யாரோ கரகரத்தார்கள். தகவலைச் சொல்லுங்கள் என்றார்கள். ஏட்டு அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரே அவளைத் தேடும்.

அவர் வேகமாகக் கையை ஆட்டினார்.

"வேண்டாம் அம்மிணி. தேட வேண்டாம்."

"ஏன்? அப்ப வண்டியில யாரும் இல்லையா?"

அவர் வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்கய்யா. கேக்கல."

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். இடதுபக்கக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. வசந்தாமணிக்குக் காற்று வரட்டும் என்று அவர்தான் காலையில் இறக்கிவிட்டிருந்தார்.

மேசைமேல் நன்றாகக் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ஏட்டுக்கு மட்டும் கேட்கும்படி, ஒரு மாசமாக யாரிடமும் சொல்லாத அதைச் சொன்னார்.