மிக்ஸி பெட்டிக்குள் அடங்குமா?

"இது மிக்ஸி பெட்டிக்குள்ள அடங்குமா தம்பி?"

கடையில் இருந்ததிலேயே சின்ன லேப்டாப்பை ஒரு கையால் தூக்கிப் பார்த்தபடி அந்த அம்மாள் கேட்டாள். விற்பனையாளனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லேப்டாப்புக்குப் பை கேட்பவர்கள் உண்டு, மவுஸ் ஓசியில் கிடைக்குமா என்று நச்சரிப்பவர்கள் உண்டு. மிக்ஸி பெட்டி கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

"அடங்கும் மேடம். ஆனா, எதுக்கு?"

"வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது. மிக்ஸி வாங்கத்தான் வந்திருக்கோம்னு நெனச்சுக்கிட்டு அங்க உக்காந்திருக்காரு."

அவள் கண்ணைக் காட்டிய பக்கம் சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு ஸ்டூலில் வீட்டுக்காரர், மனைவியின் கைப்பையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விற்பனையாளனுக்கு ஊர்க்கதை பேச நேரமில்லை. இன்றைக்கு ஒரு லேப்டாப்பாவது விற்காவிட்டால் நாளை முதல் கிடங்கில் ஃப்ரிட்ஜ் தூக்க வேண்டியதுதான் என்று மேனேஜர் காலையில் கறாராகச் சொல்லியிருந்தார். அவனுடைய உடம்புக்கு ஃப்ரிட்ஜின் கதவைத் திறப்பதே பெரிய காரியம்.

"கைக்கு அடக்கமானது மேடம், வெலையும் கம்மி. கேமரா பிரமாதமா இருக்கும்."

"கேமரா வேணாம். மூஞ்சியக் காட்டுற வேலை இல்ல. தட்டினா சத்தம் வரக் கூடாது, அதான் முக்கியம். அவரு கொறட்டை விட ஆரம்பிச்ச பிறகுதான் எனக்கு வேலையே."

விற்பனையாளன் கேமராப் பேச்சை அத்தோடு விட்டான்.

"வெளிச்சத்தக் கொறைக்கலாமா? போர்வைக்குள்ள வெச்சுக்கிட்டா வெளிய தெரியக் கூடாது."

"தெரியாது மேடம்."

"விடியறதுக்குள்ள அனுப்பியாகணும் தம்பி. அங்க ஒருத்தர் காத்துக்கிட்டே இருப்பாரு. ஒரு நாள் தவறிப்போனாலும் போன் போட்டுக் கத்துவாரு. பழசு வேற நேத்தோட படுத்திடுச்சு."

"பழசா?"

"லேப்டாப் தம்பி."

"நானும் அதத்தான் மேடம் கேட்டேன்."

அவள் லேப்டாப்பை மேசையில் வைத்துத் தட்டிப் பார்த்தாள். விரல்கள் பறந்தன. இவ்வளவு வேகம் வர வேண்டுமென்றால் இது நேற்று இன்று ஆரம்பித்த சமாச்சாரமாக இருக்காது என்று விற்பனையாளன் கணக்குப் போட்டான்.

டிவிப் பக்கமிருந்து ஒரு பெண் குரலெடுத்து அழும் சத்தம் வந்தது. அம்மாள் தலையைத் திருப்பாமலே, "இப்ப மயங்கி விழுவா" என்றாள். டிவியில் அந்தப் பெண்ணும் அதேபோல விழுந்தாள். அதைச் சொல்ல ஜோசியம் படித்திருக்க வேண்டியதில்லை. சாயங்கால சீரியல் எதைத் திருப்பினாலும் எவளாவது அழுது மயங்கி விழத்தான் செய்வாள்.

"இதுக்கு மேல வெல போனா எனக்குத் தாங்காது. எல்லாம் என் சொந்தக் காசு. அவரு காசுல ஒத்தப் பைசா தொட மாட்டேன்."

துரோகத்திலும் ஒரு நாணயம் வேண்டும்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான். கூடவே, போன மாதம் தன் வீட்டுக்கும் ஒரு புது மிக்ஸி வந்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பெட்டியை அவன் இதுவரை திறந்துகூடப் பார்க்கவில்லை.

அவன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தான். மனிதர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோதுகூட அந்தக் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். இப்படிப்பட்ட மனுஷனுக்கா இந்த அநியாயம் என்று அவனுக்கு மனசு ஆறவில்லை.

லேப்டாப்பைப் படக்கென்று மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க மேடம். இத நான் விக்கிறதா இல்ல."

"ஏன், வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

"இல்ல மேடம். அவரப் பாத்தா பாவமா இருக்கு. எங்க அக்கா மாதிரி நெனச்சுச் சொல்றேன், இதெல்லாம் வேணாம், விட்டுடுங்க. நாளைலேருந்து நான் ஃப்ரிட்ஜ் தூக்கிட்டுப் போறேன், பரவால்ல. ஒரு குடும்பத்தக் கெடுத்த பாவம் எனக்கு வேணாம்."

அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். போர்வை, குறட்டை, விடியறதுக்குள் என்று தான் சொன்னதெல்லாம் எந்தத் திசையில் போயிருக்கிறது என்பது மெல்ல அவளுக்கு உறைத்தது. கோபப்படுவாள் என்று அவன் ஓரடி பின்வாங்கினான். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் டிவிப் பக்கம் ரகளை வெடித்தது. வீட்டுக்காரர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து, சுவரைப் பார்த்து முஷ்டியை ஆட்டிக்கொண்டிருந்தார். கடையே திரும்பிப் பார்த்தது.

"மயங்கிக் கெடக்குறவளத் தண்ணி தெளிச்சு எழுப்பி ஜெயிலுக்கு இழுத்துட்டுப் போறாங்களே, இதுக்குப் பேரு கதையா? வருஷக்கணக்கா அந்தப் பொண்ண அழ விட்டே சாகடிக்கிறான்! இந்தக் கண்றாவிய எழுதறவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், வெரல ஒண்ணொண்ணா ஒடிச்சுப் போடறேன்!"

அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்தாள்.

"அவரு தேடுற வெரல் இதுதான் தம்பி."