ஒரு பந்தையும் விடாதவர்

“முப்பது வருஷமா என்கூட ஆடுறாரு டாக்டரம்மா. இன்னிவரைக்கும் ஒரு பந்தைக்கூட விட்டதில்ல!”

பிசியோதெரபிஸ்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டென்னிஸ் கிளப்பில் உடை மாற்றும் அறையின் ஒரு மூலையைத் தடுத்து அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். கட்டிலில் ஆள் படுத்தால் கதவு சாத்தாது. கதவைச் சாத்தினால் ஆள் படுக்க முடியாது. அதற்குள் பக்கவாட்டில் நின்றபடி பீரங்கியின் முழங்கையை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

பீரங்கி என்பது கிளப்பில் வைத்த பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாய்க்கு மட்டும் ஓய்வே கொடுக்காதவர். அந்தப் பெயர் ஆட்டத்தில் அவர் அடிக்கும் சர்வீஸின் வேகத்துக்காக வந்தது என்று அவர் சொல்வார். வேறு யாரும் அப்படிச் சொல்வதில்லை.

“ஒரு பந்துகூடவா?”

“ஒண்ணே ஒண்ணுகூட! மழையில நிப்பாரு, மண்டையப் பொளக்கிற வெயில்ல நிப்பாரு. ஒரு வாய் தண்ணி கேட்டதில்ல. பந்து கோட்டுக்கு வெளியன்னு சண்டை போட்டதில்ல.”

“சண்டை போடாத டென்னிஸ்காரரா? அங்கதான் சார் உங்க புளுகு கிழியுது.”

“நம்பாட்டி போங்க. ஆனா இப்ப மனுஷனுக்கு முடியல. வலது தோள் பொதபொதன்னு வீங்கிக் கெடக்கு. நான் நேரா அடிச்சா, பந்து கோணிக்கிட்டுத் திரும்புது.”

வீக்கம் என்றதும் அவள் கை நின்றது.

“ஆடறதுக்கு முன்னால உடம்பைச் சூடு பண்ணிக்குவாரா?”

“வெயில் பட்டாத்தான் உண்டு.”

“நடுவுல ஒரு நாளாவது ஓய்வு?”

“எவன் வந்து நின்னாலும் ஆடுவாரு. மாட்டேன்னு சொல்லத் தெரியாது. நாங்களும் பாவம் புண்ணியம் பாக்காம அந்த ஒரே பக்கத்துலயே போட்டுச் சாத்தியிருக்கோம்.”

“அடப்பாவிகளா! தசைநார் நைஞ்சு நாராப் போயிருக்கும். வலி வந்தப்புறம் ஐஸைத் தூக்கிட்டு ஓடாதீங்க, வராம பாத்துக்குங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன், யார் காதுல விழுது? அவரை இங்க வரச் சொல்லுங்க.”

“நடக்க மாட்டாரு.”

“என்னது?”

“இன்னிக்குச் சாயங்காலம் தாண்டறதே கஷ்டம்னு சொல்றாங்கம்மா.”

“இதை முதல்ல சொல்றதுக்கென்ன!” அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பின்னாலேயே ஓடிய பீரங்கிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது.

“அவரு போயிட்டா எனக்கு வேற ஜோடி இல்லம்மா. ஒருத்தனுக்கு முட்டி போச்சு. ஒருத்தன் மகன் வீட்டோட போயிட்டான். இன்னொருத்தன் ஒரேயடியாப் போயிட்டான்.”

அவர் வாயிலிருந்து அன்று வந்த முதல் கலப்படமில்லாத உண்மை அது.

கடைசி ஆடுகளத்தையும் தாண்டினார்கள். பொழுது சாய்ந்திருந்தது. ஈ காக்கை இல்லை.

“எங்க சார் ஆளு?”

“இதோ நிக்கிறாரே.”

எதிரே நின்றது, தனியாக வருபவர்கள் பந்தடித்துப் பழகும் சுவர். பச்சைப் பெயின்ட் தேய்ந்து, வலையின் உயரத்துக்கு இழுத்த வெள்ளைக் கோடு மங்கிப்போய், வலது பக்கம் ஆள் தோள் உயரத்தில் பூச்சு புடைத்துக்கொண்டிருந்தது.

அவள் பையைத் தரையில் வைத்தாள். “வயசுல பெரியவராச்சேன்னு பாக்கிறேன். இதை இடிச்சுட்டுத்தான் எனக்கு ரூம் கட்டப் போறாங்க. தெரிஞ்சுதானே இந்தக் கூத்து?”

“தெரியாம என்ன? நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா இடிக்க மாட்டாங்க.”

“அந்தப் பொந்துல நின்னு நின்னு எனக்கே இடுப்பு போச்சு சார். ஒரு சுவருக்காக நான் ரூமை விடணுமா?”

“விட வேணாம். வந்தது வந்தீங்க, பேஷன்ட்டைத் தொட்டுப் பாத்துட்டுப் போங்க. நாளைக்கு யாரும் உங்களைக் குத்தம் சொல்லக் கூடாதில்ல?”

கடைசி வெடியும் நமத்துப் போனது என்று பீரங்கிக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு முகத்தைக் காட்டப் பிடிக்காமல், ஓரத்தில் கிடந்த பழைய பந்து ஒன்றைத் தேடிப் போய்க் குனிந்தார். முதுகுக்குப் பின்னால் அவளுடைய கேலிக் குரல் கேட்டது.

“வணக்கங்க ஐயா. இங்க அமுக்கினா வலிக்குதா? சரி, மூச்சை நல்லா இழுங்க. ம்... இப்ப மெதுவா விடுங்க.”

அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

பீரங்கி நிமிர்ந்தார். அவள் சுவரிலிருந்து நாலடி தள்ளி நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முன்தலை முடியெல்லாம் சுண்ணாம்புப் பொடி. இத்தனைக்கும் அங்கே ஓர் இலை அசையவில்லை.

கிளப் செயலாளர், கடப்பாரையோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். “என்னம்மா, ஆரம்பிச்சிடலாமா?”

“வேணாம்.”

“ரூம் வேணும்னு என்னைப் பிடுங்கி எடுத்தீங்களேம்மா?”

“எனக்கு அந்த மூலையே போதும். இவருக்கு ஓய்வுதான் வேணும். வலது பக்கம் யாரும் ஒரு பந்துகூட அடிக்கக் கூடாது.”

“இவருக்கா?” செயலாளர் பீரங்கியைப் பார்த்து முறைத்தார். “யோவ், இந்தம்மாவுக்கும் உன் சரக்கை ஏத்திட்டியா?”

பீரங்கி அவசரமாக அவள் பக்கத்தில் வந்தார். நினைவு தெரிந்து அவருடைய புளுகை ஒருவரும் முழுசாக நம்பியதில்லை.

“அம்மா, சுவரைக் காப்பாத்தணும்னு நானா கட்டிவிட்ட கதைம்மா அது. அதுக்கு ஏது தோளு, ஏது வலி?”

அவள் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நானும் அப்படி நெனச்சுத்தான் சார் மூச்சை விடச் சொன்னேன்,” என்றாள். “விட்டாரு.”