சாராள் வீட்டுச் சண்டை

பெருநகர் கிராமத்தில் வீடு வீடாகச் சபையாரை விசாரித்துக்கொண்டு வந்த போதகர் எபனேசர், சாராள் வீட்டு வாசலில் தயங்கி நின்றார். உள்ளே அவள் யாரையோ விளாசிக்கொண்டிருந்தாள்.

"கைவிட மாட்டேன்னு அன்னிக்கு வாய் நெறையச் சொன்னியே, இப்ப இன்னா ஆச்சு? நாளன்னிக்குப் பொண்ணு பிரசவத்துக்கு வரா. கூரை ஒழுவுது. உனக்குக் கண்ணு கீதா, இல்லியா? அதுக்குள்ள ஓலை வரல, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!"

போதகருக்கு மனசு கேட்கவில்லை. செருமிக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"சாராள், கட்டின புருஷனை இப்படியா பேசுறது?"

முழங்காலில் இருந்தவள் கண்ணைத் திறந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை.

"அவரு ஏர் ஓட்டக் கயனிக்குப் பூட்டாரு ஐயா. நான் ஜெபம் பண்ணிக்கினு கீறேன்."

"ஆண்டவர்கிட்டயா இப்படி?"

"ஆடு காணாம போனப்போ இத்தவிட ஜாஸ்தியா திட்டினேன். மறுநாளே வூடு வந்து சேந்துச்சு. இருங்க, ஆமென் மட்டும் பாக்கி."

போதகர் வாசலை எட்டிப் பார்த்தார். தெருவில் யாருமில்லை. மெல்ல அவள் பக்கத்தில் முழங்காலிட்டார்.

"ஆமென் சொல்றதுக்கு முன்னாடி, என் பொண்ணு கல்யாணத்துக்கும் ரெண்டு வார்த்தை கேட்டுடும்மா. அஞ்சு வருஷமா நான் மரியாதையாவே கேட்டுக்கிட்டிருக்கேன்."