கருகல் வாசனை

மாடி வீட்டுத் தனிக்கட்டை ரிட்டயரான மனுஷர். என்ன வேலை பார்த்தார் என்று எதிர்வீட்டு அக்கா எவ்வளவு கிளறியும் ஒன்றும் பெயரவில்லை. சமையல் மட்டும் சுத்த சூனியம். ஞாயிறானால் கருகல் வாசனை தெருவுக்கே வந்துவிடும். அக்காவும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் மேலே ஓடுவார்கள்.

“ஒரு வெங்காயம் வதக்கத் தெரியாதா சார்?”

“நீங்கதாம்மா சொல்லித் தரணும்.”

ஆளுக்கொரு கரண்டி பிடித்து, சண்டை போட்டுச் சமைத்து, அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள்.

இந்த வாரம் தையல்காரம்மாவின் மருமகனும் கூட ஏறினான். பெரிய ஓட்டலில் சமையல்காரன். அவரைப் பார்த்ததும் பதறிப்போனான்.

“மாஸ்டர்! எனக்குத் தொழில் கத்துக் கொடுத்தவரே நீங்கதானே!”

அவர் அடுப்பை அணைத்தார்.

“நல்லா சமைச்சா யாரும்மா மேல ஏறி வருவீங்க?”

அக்கா அவர் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கினாள்.

“மாஸ்டராவது மண்ணாங்கட்டியாவது! இப்படியா நறுக்குவாங்க? தள்ளுங்க சார்.”