கடைசிச் சுருள்

“அந்தக் கத்தியைக் கீழ வை. இப்பவே கை நடுங்குது பாரு உனக்கு.”

தம்பி கத்தியைக் கீழே வைத்தான். கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த படகின் அறைக்குள், இருவரும் காலையிலிருந்து மண்டியிட்டுத் தரையில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா நான்கு பலகைகளை முடித்திருந்தாள். அவன் முதல் பலகையின் பாதியில் இருந்தான்.

“உனக்கு நத்தைன்னு பேர் வச்சது தப்புடா. நத்தை கோவிச்சுக்கும்.”

தம்பிக்கு ஐம்பத்திரண்டு வயது. அக்கா தையற்கடைக்காரி. துணி வெட்டத் தெரியாதவர்களை அவள் முழு மனிதர்களாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கம்பளம் பதிக்கும் ஆள் ஒருவரை அழைக்கலாம் என்று அவன் சொன்னபோது அவள் மூக்கால் சிரித்தாள். “நாற்பது வருஷமா ஊருக்கே சட்டையும் பேன்ட்டும் வெட்டிக் குடுத்தவ நான். கால் வைக்கிற தரைக்கு ஆள் கேக்குதா உனக்கு?”

அப்பா இருவருக்கும் பொதுவாக விட்டுச்சென்ற படகு அது. ஞாயிறுதோறும் தம்பி அதில் தனியே போய்வருவதும், ஈரக்காலோடு அறைக்குள் படுத்துக்கிடப்பதும் அவளுக்கு ஆகவில்லை. எனவே வேலை தொடங்கும் முன்பே நிபந்தனை விதித்தாள்: கம்பளத்தைக் கெடுப்பவர் தம் பங்கை மற்றவருக்கு விட்டுவிட்டுப் படகைவிட்டு இறங்கிவிட வேண்டும். கம்பளக் கடையில் இருந்ததோ அவள் கேட்ட நிறத்தின் கடைசிச் சுருள். அளவுக்கு மேல் ஒரு சாண்கூட அதில் கிடையாது.

“கெடுக்கறது நீயா இருந்தா?” என்று தம்பி கேட்டிருந்தான்.

“அப்படி ஒரு நாள் வந்தா நானே இறங்கிடறேன். வராது.”

தரை சுத்தமானதும் புதிய கம்பளத்தை வெளியே முற்றத்தில் முகம் கீழாக விரித்தார்கள். அதன் முதுகில் பழையதை அச்சாக வைத்து, ஓரத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டு, அதன்மேல் வெட்ட வேண்டும். இடப்பக்க ஓரத்தில் இன்ஜின் பெட்டிக்கு இடம்விட்டு ஒரு பள்ளம், வலப்பக்கம் படிக்கட்டுக்கு ஒரு சிறு வளைவு. பழைய கம்பளமோ இருபது ஆண்டுகள் மிதிபட்டு, உப்பும் பசையும் ஏறி, முகம் எது முதுகு எது என்று தெரியாமல் தகடாகிக் கிடந்தது. படகிலிருந்து தூக்கி வந்தபடியே அக்கா அதைப் பொத்தென்று போட்டாள்.

“அக்கா, இது வந்து...”

“வந்தும் வேணாம், போயும் வேணாம். கோடு போடறது நான், கோட்டு மேல வெட்டறது நீ. நடுவுல பேச்சு எதுக்கு?”

அந்நேரம் பார்த்து அவளுடைய கைப்பேசி ஒலித்தது. வலக்கை ரப்பர் உறையை உரித்துப் போட்டுவிட்டு, முற்றத்தின் கோடிவரை நடந்துபோய், பேன்ட் இடுப்பு இறுகுகிறது என்று புலம்பிய வாடிக்கையாளரிடம் குறை பேன்ட்டில் இல்லை என்பதை விளக்கிவிட்டு வந்தாள்.

உரித்த உறை உட்புறம் வெளியாகத் திரும்பியிருந்தது. அதற்குள் மறுபடி கையை நுழைத்தபோது கட்டைவிரல் இடம் மாறி நின்றது. வலக்கை உறை இடக்கைக்கு உரியதாகியிருந்தது. அப்போதுதான் அக்காவுக்குக் கம்பளம் நினைவுக்கு வந்தது.

முகம் கீழான புதியதன்மேல், பழையதை முகம் மேலாக அல்லவா வைத்திருக்கிறாள்! துணியை எப்போதும் இரண்டாக மடித்து வெட்டிப் பழகிய கை அது. இடமும் வலமும் ஒரே வெட்டில் சேர்ந்து விழும். ஒற்றையாக வெட்டும் கம்பளத்தில் அத்தனையும் இடம் வலம் மாறிப்போயிருக்கும்.

தம்பி அருகில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். இந்த மண்ணாந்தைக்கு எதுவும் உறைக்கவில்லை என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

“மசமசன்னு உக்காராத. போய்க் குடிக்கத் தண்ணி கொண்டா.”

அவன் மறைந்ததும் பழையதைப் பரபரவென்று புரட்டிப் போட்டாள். தான் எப்படி வைத்தோம் என்பது அவளுக்குத் தெரியும்; வைத்ததை இரண்டாம் முறை பார்க்கும் வழக்கம் அவளிடம் இல்லை. அவன் திரும்புவதற்குள் கோடு போட்டு முடித்து, பழையதைச் சுருட்டிக் குப்பைத் தொட்டிக்குள் திணித்துவிட்டாள்.

தம்பி வெட்டினான். கை நடுங்கவில்லை. கோட்டைவிட்டு ஒரு நூல்கூட விலகவில்லை. அக்கா அதைப் பார்த்தாள், பாராட்டவில்லை.

கம்பளத்தைப் படகறைக்குள் இறக்கி விரித்தார்கள். இன்ஜின் பெட்டிக்கான பள்ளம் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றது. திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது, ரப்பர் முதுகு மேலே தெரிய.

“கெடுத்துட்டியேடா பாவி.”

“கோடு உன்னோடதுக்கா. நான் அது மேலதான் வெட்டினேன்.”

“என் கோடு தப்பாகாது.”

“அப்ப பள்ளம் ஏன் இந்தப் பக்கம் வந்துச்சு?”

படகு கைநழுவிப் போவதைவிட உண்மையைச் சொல்வது மேல் என்று அவளுக்குப் பட்டது. ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருவரிடமும் சொல்லாததைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“கேட்டுக்கோ. முதல்ல நான் தப்பாத்தான் வச்சேன். ஆனா நீ தண்ணிக்குப் போனதும் திருப்பி வச்சு, அதுக்கப்புறம்தான் கோடு போட்டேன். இப்ப சொல்லு, கெட்டது யாரால?”

தம்பி கம்பளத்தைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

“நீ போன் பேசப் போனப்பவே நான் திருப்பி வச்சுட்டேனேக்கா.”