பெயர் போட்ட பை

சிறுநீர்ப்பையில் புற்று. தில்லைநாயகத்தின் அடிவயிற்றுக்குள் கதிர்வீச்சுக் குழாய்களைச் செருகியிருந்தார்கள். அவற்றை எடுக்கும்வரை அவர் புரளக்கூடாது. பார்க்க வருகிறவர்கள் தரையில் ஒட்டிய மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது. கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பையை யாரும் பார்த்துவிடக்கூடாதென்று அவர்தான் மனைவியிடம் கெஞ்சினார். மரகதம் கையில் கிடைத்த துணிப்பையை நர்ஸிடம் கொடுத்து அதன்மேல் மாட்டச் சொன்னாள். சம்பந்திகள் வந்து கோட்டருகே நின்ற பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அது மகள் கல்யாணத்தில் தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுத்த தாம்பூலப் பை. பிள்ளையாருக்குக் கீழே கொட்டை எழுத்தில் பூங்கோதை, இளம்பரிதி. திருப்பிவிட அவருக்குக் கை எட்டவில்லை. மரகதமும் கோட்டுக்கு வெளியே நின்று முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தாள். உள்ளே நிறைய நிறைய, துணியின் சுருக்கங்கள் விரிந்து பெயர்கள் இன்னும் தெளிவாயின. மாப்பிள்ளையின் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "உடம்பைப் பாத்துக்குங்க சம்பந்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மாப்பிள்ளை வந்து, வாசலோர ஸ்டூலில் ஒரு துணிக்கட்டு வைத்தார். எல்லாம் மடிப்புக் கலையாத தாம்பூலப் பைகள்.

"கல்யாணத்துல மிஞ்சினது, மாமா. தினம் ஒண்ணு மாத்திக்கச் சொல்லி அப்பா குடுத்துவிட்டாரு."

அந்த முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை. தில்லைநாயகம் எவ்வளவோ தேடிப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. புரளக்கூடாது.