நான்கு படுக்கை வாசகர்கள்

"அநியாயம் சிஸ்டர் இது! முதல் பாகத்துல கோட்டைச் சுவரையே தாண்டிக் குதிச்ச பொண்ணு, ரெண்டாம் பாகத்துல எதுக்கு இப்படி மூலையில உட்கார்ந்து அழணும்?"

முதல் படுக்கையிலிருந்து டிரைவர் சத்தம் போட்டார். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். வாயைத் திறந்தால் கடைசி சீட் வரைக்கும் கேட்கும். இடது கையில் இரண்டு ஊசிகள், தலைமாட்டில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் இயந்திரம். கையை அசைக்கக் கூடாது என்பதால் கோபத்தை எல்லாம் குரலில்தான் காட்ட வேண்டியிருந்தது.

"அழட்டுமே, உங்களுக்கென்ன? பெத்த அம்மாவைப் பறிகொடுத்துட்டு நிக்கிறா. எனக்கு இப்பத்தான் அவளை ரொம்பப் பிடிக்குது" என்றார் அடுத்த படுக்கைத் தையல்காரம்மா.

மூன்றாவது படுக்கைக் கணக்கு வாத்தியாருக்கு வேறு கவலை. "யாளி முதல் பாகத்துல ரெண்டு சிறகோட நூறு காதம் பறந்துச்சு. இப்போ ஒரு சிறகு ஒடிஞ்சப்புறம் முந்நூறு காதமா? எங்கேயோ இடிக்குதே!"

கைபேசியைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்த சிஸ்டர் நிமிர்ந்து சிரித்தார். "காத்து அந்தப் பக்கமா அடிச்சிருக்கும், சார்."

"அப்போ அதை எழுதியிருக்கணும்ல?"

"நீங்க பேப்பர் திருத்தினது போதும். கதையைக் கேக்க விடுங்க" என்று டிரைவர் அதட்டினார்.

நாலாவது படுக்கைக்காரர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. தடித்த கண்ணாடி போட்ட மனிதர். வர ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது. மனைவி கொண்டுவந்து விடுவார். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். கதை நடக்கும்போது மட்டும் முகம் இந்தப் பக்கம் திரும்பும்.

டிரைவரும் ஒரு காலத்தில் அப்படிச் சுவரைப் பார்த்தவர்தான்.

வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. "இன்னையோட சரி சிஸ்டர். இனிமே நான் வரலை. ஆனது ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி அழுது பார்த்தார், மகள் கெஞ்சிப் பார்த்தாள். மனிதர் மசியவில்லை.

பொழுது போகட்டும் என்று சிஸ்டர் ஒரு தடிமனான புத்தகத்தைப் படித்துக்காட்டிய காலம் அது. அவர் அப்படிச் சொன்ன அன்றைக்குத்தான் கடைசிப் பக்கம். சிறகு ஒடிந்த யாளி, முதுகில் அந்தப் பெண்ணோடு மலை உச்சியிலிருந்து விழுகிறது. புத்தகத்தை மூடிவிட்டார் சிஸ்டர்.

"அப்புறம்?" என்றார் டிரைவர்.

"முதல் பாகம் அவ்வளவுதான், அண்ணே. ரெண்டாம் பாகம் போன்ல இருக்கு. நாளன்னைக்குப் படிக்கிறேன். வருவீங்கல்ல?"

இரண்டு நாள் வீட்டில் புரண்டு புரண்டு படுத்தார். மூன்றாம் நாள் காலை தானே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

இன்றைய பகுதி முடிந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கூவ, சிஸ்டர் ஊசிகளை எடுத்தார். தையல்காரம்மாவும் வாத்தியாரும் யாளியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வெளியே போனார்கள். டிரைவர் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லணும். கத்தினேன்னு தப்பா நினைக்காதீங்க. பிடிச்சதாலதான் கத்தினேன்."

"தெரியும்ணே."

"போன வாரம் என் பொண்ணு முதல் தடவையா பஸ்ஸை ரூட்ல எடுத்தா. நான் ஓட்டின அதே ரூட். முன் சீட்ல உட்கார்ந்து பார்த்தேன். அந்த வளைவுல ஸ்டியரிங்கை என்ன அழகா ஒடிச்சா தெரியுமா! அன்னைக்கு நான் நின்னுபோயிருந்தா இதைப் பார்த்திருப்பேனா? எழுதின மகராசனுக்கு ஒரு லெட்டர் போடணும். 'ரெண்டாம் பாகம் மட்டும் வரலைன்னா நான் இல்லை'ன்னு எழுதணும். விலாசம் இருந்தா குடுங்க."

சிஸ்டரின் முகம் வெளுத்தது. "விலாசமா... தேடிப் பார்க்கிறேன், அண்ணே."

"எனக்குத் தெரியும்."

இருவரும் திரும்பினார்கள். நாலாவது படுக்கைக்காரர் பேசியது இதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் டிரைவர்.

"அட்டையில இருக்கிறது புனைபெயர். அந்த முதல் பாகத்தை எழுதினது நான்தான்."

டிரைவர் பதறி எழுந்தார். "ஐயா, நீங்களா! நீங்க நல்லா இருக்கணும். உங்களாலதான் ஐயா இன்னைக்கு நான்..."

கண்ணாடிக்காரர் ஊசி குத்தாத கையை நெஞ்சில் வைத்து, டிரைவரைத் தாண்டி சிஸ்டரைப் பார்த்தார். கண்கள் நிறைந்திருந்தன.

"அந்த லெட்டரை இவங்க பேருக்கே போடுங்க. நானும் ஒண்ணு போடணும். ஏன்னா, ரெண்டாம் பாகத்துல நான் இன்னும் ஒரு வரிகூட எழுதலை."